உறைந்த சர்வரும் அறுந்த இணைப்பும்: ஓர் உரைமரபு ஆய்வு

முன்னுரை, முடிவுரை நீங்கலாக இவ்வாய்வு ஏழு இயல்களைக் கொண்டது. முடிவுரை பக்க வரையறை கருதி நீக்கப்பட்டது.

ஆய்வுப்பொருள், ஓர் அலுவலகத்தின் பின்னறையில் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் ஏ-ஃபோர் காகிதக் கட்டுகளுக்கும் நடுவே நிற்கும் ஒரு லினக்ஸ் சர்வர். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் நெற்றியில் இருக்கிறது. அதன்மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள் இரண்டு. சொல்லாமல் கொள்ளாமல் உறைந்துவிடுகிறது, நெட்வொர்க்கிலிருந்து கழன்றுகொள்கிறது. இவ்விரண்டும் தனித்தனியே நிகழ்தல், ஒருசேர நிகழ்தல், ஒன்று நிகழ மற்றது நிகழ்ந்ததுபோல் தோன்றல், இரண்டும் நிகழாதிருக்க நிகழ்ந்ததாகக் கணக்குப் பிரிவு புகார் செய்தல் என நால்வகைப்படும். நான்காவதே வழக்கில் மிகுதி.

இத்துறையில் முன்னோர் மூன்று பள்ளிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். வன்பொருளார் எதற்கும் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்வர். மென்பொருளார் எதற்கும் அப்டேட் போடச் சொல்வர். நெட்வொர்க்கார் மட்டும் எந்தக் காலத்திலும் எந்தச் சிக்கலிலும் ஒரே கொள்கையில் நின்றவர்கள்: "எங்க சைடுல எல்லாம் ஓகே." இம்மூன்று பள்ளியாரும் ஒரே அறையில் கூடிய சான்று இதுவரை கிடைக்கவில்லை.

இவ்வாய்வுக்கு அடிப்படையான நூல்களும் மூன்று. மானிட்டரின் விளிம்பில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் உள்ளது பகல் ஷிப்ட் உரை. டீக்கடை பில்லின் பின்புறம் எழுதப்பட்டது நைட் ஷிப்ட் உரை. இரண்டாம் வரியை வடைச் சட்னி அழித்திருக்கிறது. சர்வர் வந்திறங்கிய அட்டைப்பெட்டியின் மூடியில் கிறுக்கப்பட்டது வெண்டர் உரை. சர்வர் தானே எழுதும் பதிவேடு ஒன்றும் இருக்கிறது. அது மூலநூல் என்பதால் உரையாசிரியர் எவரும் அதைத் திறந்ததில்லை.

இயல் ஒன்று: உயிர் உண்டா, இல்லையா

தூரத்து மேசையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு குற்றமும் ஒன்றாகவே தெரியும். தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் திரை அசையாது. தட்டிய எழுத்து வராது. சர்வர் உறைந்ததா, நடுவில் உள்ள கம்பி அறுந்ததா என்று அங்கிருந்து சொல்லவே முடியாது. பத்தடி நடந்துபோய் ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் செருகினால் சொல்லிவிடலாம். அதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு: கேப்ஸ் லாக் விசையைத் தட்டுவது. விளக்கு எரிந்து அணைந்தால் இயங்குதளத்தின் கருவான கெர்னல் உயிரோடு இருக்கிறது. விளக்கு அசையாவிட்டால் பெரும்பாலும் ஆழமான உறக்கம். ஒரு விரல் போதும் என்பதால் இம்முறை பாடத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை.

பாடத்திட்டத்தில் உள்ளது பிங். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ், 1983 டிசம்பரில், தன் நெட்வொர்க் ஒழுங்காக நடக்காத எரிச்சலில் எழுதிய சிறு நிரல் அது. அடுத்த கணினிக்கு ஒரு கேள்வியை அனுப்பி, பதில் வரும் நேரத்தை அளக்கும். அதை வைத்து ஒருவர் செய்த காரியத்தை மூஸே எழுதி வைத்திருக்கிறார். பதில் வரும்போதெல்லாம் கணினி உரக்கக் குரல் கொடுக்கும்படி செய்துவிட்டு, அந்த மனிதர் கட்டடம் முழுக்க நடந்து கனெக்டர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டியபோது குரல் நின்றதோ, அதில் கோளாறு. கருத்தரங்கம் கூட்டவில்லை, தொகுப்பு நூல் போடவில்லை, ஐஎஸ்பிஎன் வாங்கவில்லை. எனவே இம்முறையின் கல்வித் தகுதி இன்றளவும் ஐயத்துக்குரியது.

பிங் பொய்யும் சொல்லும். அதற்குப் பதில் சொல்வது சர்வரில் ஓடும் நிரல்கள் அல்ல, அடியில் இருக்கும் கெர்னல். ஹார்டு டிஸ்க் திணறி, எல்லா நிரல்களும் அதன் வாசலில் வரிசைகட்டி நிற்கும்போதும், கெர்னல் பிங்குக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் தரும். கதை கேட்டுக்கொண்டே தூங்கிப்போன பிள்ளை "ம்" கொட்டுவது போலத்தான். இதை அறியாத பகல் ஷிப்ட் உரைகாரர், "பிங் வருது, சர்வர் நல்லாத்தான் இருக்கு" (மஞ்சள் சீட்டு, வரி 1) என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறார். நைட் ஷிப்ட் உரைகாரர் அதை மறுத்து, "பிங் வருது, ஆனா நல்லா இல்ல" (டீ பில், பின்புறம், வரி 1) என்கிறார். இரண்டாம் வரியில் காரணம் சொல்லியிருக்க வேண்டும். சட்னிக்கு அடியில் இருப்பது அதுவே என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இயல் இரண்டு: மின்சாரம்

மின்சாரம் போனால் சர்வரும் போகும்.

இயல் மூன்று: காலம்

மதர்போர்டில் ரூபாய் நாணயம் அளவில் ஒரு பேட்டரி உண்டு. சிஆர் 2032 என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள்; 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துப்போனால், மறுபடி எழும் கணினிக்கு இன்று என்ன நாள் என்றே தெரியாது. சில போர்டுகள் தாம் தயாரான ஆண்டுக்குத் திரும்பிவிடும். சில, யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்கள் காலத்தை எண்ணத் தொடங்கும் இடத்துக்கே போய்விடும்: 1970 ஜனவரி 1. அந்த எண்ணிக்கை தொடங்குவது கிரீன்விச் நள்ளிரவில் என்பதால், இந்தியக் கடிகாரத்தில் அப்போது காலை 5:30.

நம் சர்வரின் பதிவேட்டில் முதல் வரி 1970 ஜனவரி 1, காலை 5:30 என்றே தொடங்குகிறது. அந்த ஒற்றை வரி வெளியே கசிந்ததிலிருந்து கால ஆராய்ச்சியாளர்கள் தூங்கவில்லை.

முற்காலக் கொள்கையர் சர்வர் 1970லேயே இயங்கியது என்று நிறுவியுள்ளனர். லினக்ஸே 1991ல்தான் பிறந்தது என்று ஆட்சேபம் எழுந்தபோது, 1991 என்பது லினக்ஸ் எழுத்து வடிவம் பெற்ற ஆண்டு மட்டுமே என்றும், வாய்மொழி மரபு அதற்குப் பன்னெடுங்காலம் முந்தியது என்றும் விடை தந்தனர். பிரம்ம முகூர்த்தம் முடிந்த கையோடு பூட் ஆகியிருப்பது நம் முன்னோரின் நாள்பார்க்கும் நுட்பத்துக்குச் சான்று எனவும் சேர்த்துக்கொண்டனர். அப்படியானால் 1970 முதல் இன்றுவரை உள்ள பதிவேடுகள் எங்கே? இந்தக் கேள்விக்கு அவர்கள் சிறிதும் தயங்கவில்லை. பதிவேடுகள் மூன்று காலத்தில் எழுதப்பட்டன. முதலும் இடையும் கடல்கோளில் போயின. கடையது மட்டும் எஞ்சியது. இக்கடல்கோளை லாக்ரொட்டேட் என்று கணினியார் வழங்குவர். பல லினக்ஸ் நிறுவல்களில் அது வாரம் ஒருமுறை பொங்கி, நான்கு பழைய பிரதிகளை மட்டும் விட்டுவைத்து மற்றதை விழுங்கும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது.

பிற்காலக் கொள்கையர் இதை ஏற்கவில்லை. 1970 ஓர் ஆண்டே அல்ல, மனநிலை என்பது அவர்கள் வாதம். நடுநிலையாளர் சிலர் இரண்டு கட்சிக்கும் பொன்னாடை போர்த்தினர். சர்வர் வாங்கிய பில் தேதியோடு மேசை டிராயரில் இருக்கிறது என்று அட்டெண்டர் மூன்று முறை சொல்லிவிட்டார். "பில் போன்ற வணிக ஆவணங்கள் காலக்கணிப்புக்கு உதவா, அவற்றில் ஜிஎஸ்டி உண்டு" (வெண்டர் உரை, அட்டைப்பெட்டி மூடி, உட்புறம், 'இப்பக்கம் மேலே' என்னும் அம்புக்குறிக்கு இடது, மூடியைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கவும்) என்பதால் டிராயர் திறக்கப்படவில்லை.

தேதியைப் பற்றி இவர்கள் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அதே தேதியால் சர்வர் வெளியுலகத்தை இழந்துகொண்டிருந்தது. பாதுகாப்பான இணையத் தொடர்பு எதுவானாலும் எதிர்த்தரப்பின் சான்றிதழைச் சரிபார்க்கும்; சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. 1970ல் வாழும் கணினிக்கு உலகின் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. அத்தனையையும் அது நிராகரிக்கும். கேபிள் நன்றாக இருக்கும், விளக்கு மினுக்கும், பிங் போகும். வங்கிச் சர்வரோடு மட்டும் பேச முடியாது. நேரத்தைத் திருத்தத்தான் என்டிபி இருக்கிறதே என்பீர்கள். அந்த வேலையை நெடுங்காலம் பார்த்துவந்த என்டிபிடி என்னும் நிரல், வித்தியாசம் 1000 வினாடிக்கு மேல் போனால், விசேஷமாகச் சொல்லி வைத்தாலொழிய, இது நம் கையில் இல்லை என்று வேலையை விட்டே போய்விடும் இயல்புடையது. ஐம்பது ஆண்டு வித்தியாசத்தைக் கண்டால் அது என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காலத்தால் உறைவதற்குப் பேட்டரி சாக வேண்டும் என்றும் இல்லை. எண்ணிக்கை நிரம்பினாலே போதும். விண்டோஸ் 95, தான் எழுந்ததிலிருந்து கழிந்த மில்லிவினாடிகளை 32 பிட் எண்ணில் வைத்திருந்தது. அதில் அடங்கக்கூடியது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். இடைவிடாமல் ஓடினால் 49.7 நாளில் அது நிரம்பி, கணினி உறைந்தது. விண்டோஸ் 98க்கும் அதே கதி. ஒரு மண்டலம் 48 நாள் என்பதை இங்கே நோக்குக. விரதம் முடித்த இரண்டாம் நாள் கணினி சமாதி நிலை எய்துவதாக முற்காலக் கொள்கையர் இதற்கு உரை காண்பர். 1995ல் வந்த மென்பொருளின் இந்தக் குறை 1999ல்தான் வெளியே தெரிந்தது. அதுவரை எவருடைய கணினியும் மண்டலத்தைத் தாண்டவில்லை என்பதே நேரான விளக்கம்.

இது வீட்டுக் கணினியின் ஏழ்மை என்று நினைப்போர் 2015ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போட்ட உத்தரவைப் பார்க்கலாம். போயிங் 787 விமானத்தின் மின்சாரத்தை 248 நாள் அணைக்காமல் விட்டால், ஜெனரேட்டர்களை ஆளும் கருவிகளின் உள்ளே ஓர் எண்ணி நிரம்பி, எல்லா ஜெனரேட்டரும் ஒருசேர நின்றுபோகக்கூடும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். பரிகாரம், அதற்குள் ஒருமுறை அணைத்துப் போடுவது. 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம் என்பது 31 பிட்டின் எல்லை. அத்தனை நூறில்-ஒரு-வினாடிகளை நாளாக மாற்றினால் 248.55 வருகிறது. ஏர்பஸ் ஏ350க்கு ஐரோப்பிய அமைப்பு விதித்த கெடு இன்னும் குறைவு: 149 மணி நேரம். ஹெச்பி எண்டர்பிரைஸ் நிறுவனம் 2019 நவம்பரில் தன் எஸ்எஸ்டி வட்டுகள் சிலவற்றைப் பற்றி எச்சரித்தது. 32,768 மணி நேரம் ஓடியதும் அவை செத்துவிடும், உள்ளே இருப்பதும் திரும்பாது. இரண்டின் 15ஆம் அடுக்கு 32,768. மூன்று ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒன்றாக வாங்கி ஒன்றாக மாட்டிய வட்டுகள் ஒன்றாகவே போகும் என்பதால், காப்புப்பிரதி வைத்திருந்தவர்களின் காப்பும் கூடவே போக வழியிருந்தது.

2012 ஜூன் 30 முடிவில் உலகக் கடிகாரத்துக்கு ஒரு வினாடி கூடுதலாகச் சேர்த்தார்கள். இந்தியாவில் அப்போது ஜூலை 1 விடிகாலை. அந்த ஒற்றை வினாடியைச் செரிக்க முடியாமல் எத்தனையோ லினக்ஸ் சர்வர்கள் சிபியுவை முழு வேகத்தில் சுழற்றிக்கொண்டு திக்குமுக்காடின. ரெட்டிட் தளம் சற்று நேரம் படுத்தது. தேதியை மறுபடி ஒருமுறை எழுதினாலே பல சர்வர்கள் தெளிந்தன. எழுதிய தேதி அதே தேதிதான்.

இயல் நான்கு: தூரம்

நெட்வொர்க் கோளாறு இடத்தைப் பொறுத்தது என்றால் சிரிப்பார்கள். 1990களின் நடுவில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலைக் கவனித்துக்கொண்டிருந்த ட்ரே ஹாரிஸும் அப்படித்தான் சிரித்திருப்பார். புள்ளியியல் துறைத் தலைவர் போன் செய்து, எங்கள் துறையிலிருந்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் மின்னஞ்சல் போவதில்லை என்றார். எண்ணூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கோளாறு தொடங்கிச் சில நாளாகியும் ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, போதுமான தரவு சேரவில்லை என்று பதில் வந்தது. துறையின் நிலவியல் புள்ளியியலாளர் ஒருவர், மின்னஞ்சல் எட்டும் எல்லையை வட்டமாக வரைந்து வரைபடமே தயாரித்து வைத்திருந்தார்.

கல்வியுலகத்தின் மீது இவ்வாய்வுக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. ஆனால் அந்த வரைபடம் சரியாக இருந்தது என்பதை எரிச்சலோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஹாரிஸ் சோதித்தபோது நியூயார்க்குக்கு அஞ்சல் போனது; பிராவிடன்ஸுக்குப் போகவில்லை. யாரோ ஒரு ஆலோசகர் அந்தச் சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பிக்கப்போக, அஞ்சல் நிரலான சென்ட்மெயில் எட்டாம் பதிப்பிலிருந்து ஐந்தாம் பதிப்புக்கு இறங்கியிருந்தது. அமைப்புக் கோப்போ எட்டுக்கு எழுதியது. புரியாத வரிகளை ஐந்து தள்ளிவிட்டது. எதிர்ச் சர்வருக்காகக் காத்திருக்க வேண்டிய நேரம் பூச்சியமாயிற்று. அந்தக் கணினியில் பூச்சியம் என்பது நடைமுறையில் மூன்று மில்லிவினாடி. மூன்று மில்லிவினாடியில் ஒளி ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போகும்.

ஹாரிஸ் 2002ல் இதை எழுதி வெளியிட்டார். வரைபடம் வரைந்தவருக்குப் பதவி உயர்வுப் புள்ளிகள் கிடைத்தனவா என்பது அதில் இல்லை.

இயல் ஐந்து: அணைத்துப் போடுதல்

இதுவே இவ்வாய்வின் உயிர்நாடி. அணைத்துப் போடுதல் நான்கு நிலைகளை உடையது. கட்டளை கொடுத்து அணைத்தல் சாத்துவிகம். பவர் பட்டனை நான்கு வினாடி அழுத்திப் பிடித்தல் ராஜசம். பிளக்கைப் பிடுங்குதல் தாமசம். பிளக்கைப் பிடுங்கி, எண்ணி, மறுபடி செருகுதல் இம்மூன்றையும் கடந்தது.

எத்தனை எண்ண வேண்டும் என்பதில்தான் பிணக்கு. பத்து என்பது பகல் ஷிப்ட் உரை (மஞ்சள் சீட்டு, வரி 4, 'பத்து' என்பதை அடித்துப் 'பத்து' என்றே திருத்தியிருப்பது பாடபேதமாகக் கொள்ளத்தக்கது). முப்பது என்பது நைட் ஷிப்ட் உரை (டீ பில், முன்புறம், 'மெதுவடை 2' என்னும் வரிக்கும் மொத்தத் தொகைக்கும் இடையில், பென்சிலில், மெதுவடை மூன்று என்று இருந்து இரண்டாகத் திருத்தப்பட்டதாக ஒரு சாரார் கூறுவர், அது வேறு ஆய்வு). இரண்டு உரையும் ஏன் எண்ண வேண்டும் என்று சொல்லவில்லை.

காரணம் இருக்கிறது. சர்வரை அணைத்தாலும் அதன் பவர் சப்ளை ஒரு சிறு மின்னோட்டத்தை விட்டுக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் கார்டு அதில் விழித்திருக்கும். தூரத்திலிருந்து ஆணை அனுப்பிக் கணினியை எழுப்புவது அதனால்தான் முடிகிறது. ஆக, கார்டுக்கே பித்துப் பிடித்திருந்தால், சாதாரண ரீபூட்டில் அது தூங்கி எழுவதில்லை. பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கிகள் வடியும்வரை பொறுத்தால்தான் பழையதை மறக்கும்.

2013 பிப்ரவரியில் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் எழுதியது இவ்வகைக்கு இலக்கியம். இணையவழித் தொலைபேசிச் சேவைக்கு அவர் பயன்படுத்திய கணினிகளில் இன்டெல் 82574எல் வகை நெட்வொர்க் சில்லு இருந்தது. அவ்வப்போது அது முற்றாகச் செத்துவிடும். மின்சாரத்தை முழுதாக நிறுத்திப் போட்டால்தான் எழும். தேடித் தேடிக் கடைசியில் அவர் கண்டது, உள்ளே வரும் தரவுப் பொட்டலத்தில் 1151 என்ற இடத்தில் '2' என்ற எழுத்து வந்தால் சில்லு செத்துவிடுகிறது. அதே இடத்தில் வேறு சில எழுத்துகள் முதலில் வந்துவிட்டால், அதன்பிறகு '2' வந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. தடுப்பூசி போட்டது மாதிரி. தவறு சில்லில் அல்ல, ஒரு மதர்போர்டு தயாரிப்பாளர் அதில் பதித்த அமைப்புத் தரவில் என்று இன்டெல் விளக்கியது. ஒரு நூலின் 1151ஆவது எழுத்தால் வாசகர் மயங்கி விழுவது நம் புலமை மரபுக்குப் புதிதல்ல. அதை ஒருவர் சோதனை செய்து நிரூபித்ததுதான் புதிது.

பிளக்கைத் தொட முடியாத சர்வர்களும் உண்டு. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாளில் தானே மறுபடி மறுபடி ரீபூட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தரவைப் பார்க்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒன்று, ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். நடுத்தரப் பணிகள் அதை நகரவிடாது. பூட்டுக்காக மிக உயர்ந்த முன்னுரிமைப் பணி வாசலில் காத்துக் கிடக்கும். ஏதோ உறைந்துவிட்டது என்று காவல் நிரல் முடிவு கட்டி, மொத்தத்தையும் அணைத்துப் போடும். பூமியில் அதே மாதிரியை ஓட்டிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்து, ஓர் அமைப்பை மாற்றிச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். தாழ்ந்த நிலை எழுத்தரிடம் கோப்பு மாட்டிக்கொண்டு அமைச்சரே காத்திருக்கும் இந்த அமைப்பு நம்மவர்க்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று.

இனி, ஆறெழுத்து. லினக்ஸ் முழுதாக உறைந்து மவுஸும் அசையாத வேளையில், ஆல்ட் விசையையும் சிஸ்ரெக் விசையையும் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்னும் ஆறு எழுத்துகளை இடைவெளி விட்டு வரிசையாகத் தட்ட வேண்டும். முதலெழுத்து கீபோர்டை மீட்கும். இரண்டாவது எல்லா நிரலையும் விலகும்படி வேண்டும். மூன்றாவது வேண்டுதலைக் கேளாததைக் கொல்லும். நான்காவது எழுதாமல் நின்ற தரவை வட்டில் சேர்க்கும். ஐந்தாவது வட்டைப் படிக்க மட்டும் என்று பூட்டும். ஆறாவது பூட் செய்யும். ஆறெழுத்து மந்திரம் ஒன்று ஏற்கெனவே இந்நாட்டில் வழங்குவதையும், அதற்குரிய தெய்வத்துக்கு ஆறு முகம் உண்டு என்பதையும் கண்ட ஒரு சாரார், சிஸ்ரெக் விசையைத் தமிழ்க் கீபோர்டிலிருந்து பிறர் கவர்ந்ததாக எழுதத் தொடங்கியுள்ளனர். ஆறெழுத்தையும் பல நிறுவல்கள் முன்கூட்டியே பாதி அடைத்து வைத்திருக்கின்றன என்பதும், கெர்னலே செத்திருந்தால் எந்த எழுத்தும் பலிக்காது என்பதும் அவர்கள் கட்டுரைகளில் இடம்பெறவில்லை.

அணைத்துப் போடுவதில் ஒரு சேதமும் உண்டு. சில லினக்ஸ் நிறுவல்களில் பதிவேடு வட்டில் இல்லாமல் ரேமிலேயே கிடக்கும். அதற்கென ஒரு கோப்புறை இருந்தால்தான் வட்டுக்கு வரும். அங்கே பவர் பட்டனைத் தொட்ட கணத்தில், கோளாறு என்ன என்று சொல்லும் ஒரே சாட்சியும் போயிற்று. ஆடிப்பெருக்கில் ஏட்டுச்சுவடிகளை ஆற்றில் விட்டவர்களை நாம் இன்றும் திட்டுகிறோம். அவர்களாவது ஆண்டுக்கு ஒருமுறைதான் விட்டார்கள்.

இயல் ஆறு: கேபிள்

ஆர்ஜே 45 பிளக்கின் தலையில் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அது ஒடிந்த கேபிளை எந்த அலுவலகமும் தூக்கிப் போட்டதில்லை. செருகினால் நிற்கும், விளக்கும் எரியும், யாராவது நாற்காலியை நகர்த்தினால் அரை மில்லிமீட்டர் பின்வாங்கும். நூறு மீட்டர் என்பது செம்புக் கேபிளின் எல்லை என்று தரநிலை சொல்கிறது. அந்த எல்லையைத் தொடாமலே ஒரு நாக்கு ஒடிந்து எத்தனை சர்வர்கள் பைத்தியம் என்று பெயர் வாங்கினவோ.

ஒரே கேபிளின் இரு முனையையும் ஒரே சுவிட்சில் செருகுவது தனிவகை. ஒரு செய்தி உள்ளே சுற்றத் தொடங்கிப் பெருகிப் பெருகி நெட்வொர்க்கையே மூழ்கடிக்கும். இதைத் தடுக்கும் முறையை 1985ல் வகுத்தவர் ராடியா பெர்ல்மன். அந்த ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை அவர் செய்யுளாகவே எழுதினார். நூற்பாவால் இலக்கணம் செய்த நம் மரபில் இதற்கு வியக்க ஒன்றுமில்லை. செய்யுளைப் படித்தவர்களுக்கு முறையும் புரிந்தது என்பதுதான் மரபிலிருந்து விலகல். அந்த முறைக்கும் வரம்பு உண்டு: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு சுவிட்சுகளுக்கு மேல் போகாதிருக்க வேண்டும் என்பது பழைய பரிந்துரை. பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க், காலப்போக்கில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அதைத் தாண்டியிருந்தது. 2002 நவம்பரில் அது குலைந்து, நான்கு நாள் அங்கே மருந்துச் சீட்டும் சோதனை முடிவும் காகிதத்தில் கைமாறின.

புறாவழி இணைப்பையும் விடுவதற்கில்லை. இணையத் தரநிலை ஆவணங்களின் வரிசையில் 1149ஆவது, 1990 ஏப்ரல் 1 அன்று வந்தது. தரவுப் பொட்டலத்தைப் புறாவின் காலில் கட்டி அனுப்பும் நெறிமுறையை முழு இலக்கணத்தோடு வகுக்கிறது. 2001ல் நார்வேயின் பெர்கனில் அதைச் செய்தே பார்த்தார்கள். ஒன்பது கேள்விக்கு நான்கு பதில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்தை ஒட்டியோ தாண்டியோ ஆயிற்று. பகடிக்கு எழுதியதை இவ்வளவு சிரத்தையாகச் சோதித்தவர்கள் உலகில் இருக்க, சிரத்தையாக எழுதியதைச் சோதிக்காத நம் மூன்று உரைகாரர்களை என்ன சொல்வது.

இயல் ஏழு: மூலம்

கடைசியில் மூலநூலைத் திறந்தது பயிற்சிக்கு வந்த ஒரு பெண். திறக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சர்வர் உறைந்ததாகப் புகார் வந்த வேளையில், அணைக்காமல், மானிட்டரைச் செருகினாள். கேப்ஸ் லாக் விளக்கு எரிந்தது. லாகின் செய்ய முடிந்தது. கெர்னல் பதிவில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது: இ1000இ என்னும் டிரைவர், ஹார்டுவேர் யூனிட் ஹேங் ஆகிவிட்டது என்று இரண்டிரண்டு வினாடிக்கு ஒருமுறை முறையிட்டுக்கொண்டிருந்தது.

"சார், சர்வர் உறையவே இல்ல. கார்டுதான் மாட்டிக்கிட்டிருக்கு."

"அது இருக்கட்டும்மா. எதுக்கும் ஒருவாட்டி அணைச்சுப் போட்ரு."

இன்டெல் கார்டுகளில் சிலவற்றுக்கு இது ஊரறிந்த நோய். பெரிய தரவைப் பொட்டலங்களாக நறுக்கும் வேலையைச் சிபியு செய்யாமல் கார்டிடமே ஒப்படைக்கும் வசதிக்கு டிஎஸ்ஓ என்று பெயர். சுமை ஏறும்போது சில கார்டுகள் அந்த நறுக்கலில் சிக்கிக்கொள்ளும். ஈத்டூல் என்னும் கட்டளையால் டிஎஸ்ஓவை நிறுத்திவிட்டால் நறுக்கும் வேலை சிபியுவுக்கே திரும்பும். வேகம் சற்றுக் குறையும், சிக்கல் நிற்கும். அவள் அந்த ஒரு வரியைத் தட்டினாள். பில்லிங் அன்று மாலைவரை அசையாமல் ஓடியது. நாணய அளவு பேட்டரியையும் கையோடு மாற்றிவிட்டுப் போனாள்; சர்வர் 1970ஐ விட்டு வெளியே வந்ததில் முற்காலக் கொள்கையருக்கு இன்னும் வருத்தம்.

கட்டளையால் செய்த அந்த மாற்றம் நடப்புக்கு மட்டும்தான். அமைப்புக் கோப்பிலும் எழுதிவைத்தால் நிலைக்கும். எழுதாவிட்டால் அடுத்த பூட்டில் மறைந்து, டிஎஸ்ஓ மறுபடி உயிர்பெறும். கோப்பைத் திருத்தும் அனுமதி பயிற்சியாளருக்கு இல்லை. எனவே அவள் ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிச் சர்வரின் நெற்றியில், சந்தனத்துக்குக் கீழே, ஒட்டினாள்.

இச்சீட்டே அண்மையில் கிடைத்த நான்காம் சுவடி. முதல் வரி: "டிஎஸ்ஓ ஆஃப் பண்ணியாச்சு." இரண்டாம் வரி: "ரீபூட் பண்ணா திரும்ப ஆஃப் பண்ணணும்." முதல் வரி நீல மையிலும் இரண்டாம் வரி கறுப்பு மையிலும் உள்ளன. முதல் வரியின் கடைசி எழுத்து மங்கியிருப்பதால் பேனா அங்கே தீர்ந்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னது கருத்தரங்கில் சிரிப்பை வரவழைத்தது. எழுதியவள் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். நூலாசிரியரை நேரில் கேட்பது ஆய்வு நெறியாகாது. மைவேறுபாடு, 'ஆஃப்' என்னும் சொல் இருமுறை வருதல், முந்தைய மூன்று உரைகளிலும் இக்கருத்துக்கு ஆதாரமின்மை ஆகியவற்றால் இரண்டாம் வரி பிற்கால இடைச்செருகல் என்பது பெரும்பான்மை அறிஞர் துணிபு. லேமினேட் செய்து மறுபடி ஒட்டிய செம்பதிப்பில் அவ்வரி நீக்கப்பட்டுள்ளது.